காஸ் குறையவே இல்லை: மத்தியானம் மட்டும் குளிராத ஒரு ஏசி

சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஐந்து மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு, அதில் கடைசி மாடி. படுக்கையறை பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, மேற்குச் சுவர் முழுக்க வெயில் வாங்கும், தலைக்கு மேலே மொட்டை மாடி. 2021இல் மாட்டிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி, உள்ளே ஆர்32 காஸ். கூலிங் பத்தவில்லை என்பதுதான் புகார். கோடையில் எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் இதே புகார்தான் என்பதால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் அந்த வீட்டம்மா அடுத்து சொன்ன விஷயத்தில் பாதி விடை இருந்தது.

"தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல போர்வை இல்லாம படுக்க முடியாது, அவ்வளவு சில்லுனு இருக்கு. மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பிச்சா ஆறு மணி வரைக்கும் அதே ஏசி வெறும் ஃபேன் மாதிரிதான் ஓடுது. எங்கம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, பகல் முழுக்க அந்த ரூம்லதான் இருக்காங்க."

இதற்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று கேட்டேன். போன வருஷம் கோடையில் ஒருவர் காலை நேரத்தில் வந்து க்ளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டரை ஆம்ப்ஸ்தான் காட்டியிருக்கிறது. "காஸ் கம்மியா இருக்கு" என்று டாப்-அப் செய்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வருஷம் ஏப்ரலில் வேறொருவர் வந்து இண்டோர், அவுட்டோர் இரண்டையும் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தமாக சர்வீஸ் செய்துவிட்டு, அவரும் ஆம்ப்ஸ் பார்த்து, அவரும் காஸ் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மூவாயிரத்தை ஒட்டிச் செலவு. இரண்டு முறையும் காஸை எடை போடவில்லை, எங்கே லீக் என்று யாரும் தேடவும் இல்லை. அதற்கப்புறமும் மத்தியானத்தில் குளிராததால், "இந்த ரூமுக்கு ஒன்றரை டன் போதாது, இரண்டு டன் போடுங்க" என்று மூன்றாவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பணத்தைப் போடுவதற்கு முன்னால்தான் எனக்குப் போன் செய்தார்கள்.

ஏசியில் இருக்கும் காஸ் செலவாகிற பொருள் கிடையாது. செப்புக் குழாய்க்குள் அடைபட்ட சுற்றில் அது காலமெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், ஓட்டை இருந்தால் அது ராத்திரி பகல் பார்க்காது. காஸ் குறைந்த ஏசி ராத்திரியிலும் திணறும், நாளாக ஆக மோசமாகும், இண்டோர் காயிலின் ஒரு மூலையிலோ அவுட்டோரில் மெல்லிய குழாய் சேரும் வால்விலோ வெள்ளையாகப் பனி கட்டும். இந்த வீட்டில் எங்குமே பனி இல்லை, ராத்திரி கூலிங் முதல் வருஷம் போலவே இருக்கிறது. அதனால் வெளியே வெயில் ஏறும்போது எது மாறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். பார்க்க வேண்டிய நேரமும் மத்தியானம் மூன்று மணிதான். காலையில் போனால் அறை ஏற்கெனவே குளிர்ந்திருக்கும், இன்வெர்ட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்திருக்கும், ஆம்ப்ஸும் குறைவாகத்தான் காட்டும். போன வருஷம் வந்தவர் பார்த்த இரண்டரை ஆம்ப்ஸ், மெஷின் ஒழுங்காக வேலை செய்ததற்கான அடையாளம்.

முதலில் காற்று, கடைசியில் காஸ்

மே மாதம், மூன்று மணி, வெளியே நிழலில் 38 டிகிரி. ரிமோட்டில் 16 வைத்திருந்தார்கள். 16 வைத்தாலும் 22 வைத்தாலும் அந்த நேரத்தில் வித்தியாசம் வராது, முழுத் திறனில் ஓடச் சொல்வது மட்டும்தான் ரிமோட்டால் முடியும். ஓட முடியாத காரணம் வேறெங்கோ இருந்தது.

உள்ளே அளந்தேன். இண்டோரின் மேலே உறிஞ்சப்படும் காற்று 30.4 டிகிரி, கீழே வெளிவரும் காற்று 24.6. வித்தியாசம் ஆறு டிகிரிகூட இல்லை. சென்னை ஈரப்பதத்தில் ஏசியின் உழைப்பில் ஒரு பெரிய பங்கு தண்ணீரைப் பிழிவதற்கே போய்விடும் என்பதால் இந்த வித்தியாசம் வறண்ட ஊர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், இருந்தாலும் முழு வேகத்தில் ஓடும் ஏசிக்குப் பத்து முதல் பன்னிரண்டு டிகிரி வர வேண்டும். ஃபில்டர் சுத்தம், காயில் சுத்தம், ப்ளோயர் உருளையில் அழுக்கு இல்லை, காற்று வேகமாகவே வந்தது. வோல்டேஜ் 222, குறை சொல்ல ஒன்றுமில்லை. ரூம் சென்சார், காயில் சென்சார் இரண்டின் ரெசிஸ்டன்ஸும் அந்த வெப்பநிலைக்குச் சரியாக இருந்தன. ஆம்ப்ஸ் 3.6. இந்த மாடல் முழு வேகத்தில் ஏழு ஆம்ப்ஸை ஒட்டி இழுக்க வேண்டும். அறை 30 டிகிரியில் இருக்கிறது, கேட்பது 16 டிகிரி, ஆனாலும் கம்ப்ரசர் பாதி வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய ஃபிக்ஸட் ஸ்பீட் ஏசியில் ஆம்ப்ஸ் குறைந்தால் காஸ் குறைவு என்று நினைப்பதில் நியாயம் உண்டு, அதில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடுவதால் காஸ் குறையக் குறைய அதன் சுமை குறையும். இன்வெர்ட்டரில் வேகத்தைத் தீர்மானிப்பது அவுட்டோரில் இருக்கும் பிசிபி, அதாவது எலெக்ட்ரானிக் போர்டு. அறை குளிர்ந்துவிட்டால் வேகத்தைக் குறைக்கும். அவுட்டோர் அளவுக்கு மீறிச் சூடானாலும் கம்ப்ரசரைக் காப்பாற்றுவதற்காக வேகத்தைக் குறைக்கும். இரண்டிலும் மீட்டரில் ஒரே மாதிரி எண்தான் தெரியும். அதனால் இன்வெர்ட்டர் ஏசியில் ஆம்ப்ஸை மட்டும் பார்த்துக் காஸ் குறைவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அவர் எத்தனை வருஷ அனுபவக்காரராக இருந்தாலும் சரி.

அவுட்டோர் இருந்த இடத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சமையலறைக்குப் பின்னால் சின்ன யூட்டிலிட்டி பால்கனி, வாஷிங் மெஷின், துணிக்கொடி. பால்கனியின் வெளிமுகத்தை பில்டர் அலுமினியம் லூவர் போட்டு மூடியிருக்கிறார், தெருவிலிருந்து பார்த்தால் அவுட்டோர் தெரியக்கூடாது, கட்டடம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக. தகடுகள் கீழ்நோக்கிச் சாய்ந்தவை, இரண்டு தகடுகளுக்கு நடுவே நான்கு சென்டிமீட்டர்தான் இடைவெளி. அவுட்டோரின் ஃபேன் முகத்துக்கும் லூவருக்கும் நடுவே ஒரு சாண். பெரும்பாலான மேனுவல்களில் முன்பக்கம் குறைந்தது இரண்டடியாவது தடையில்லாமல் விடச் சொல்லியிருக்கும். இங்கே ஃபேன் தள்ளும் அனல் லூவரில் மோதி, கொஞ்சம் வெளியே போய், மீதி பக்கவாட்டில் சுற்றி அவுட்டோரின் முதுகுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஃபேன் மறுபடி அதையே உறிஞ்சுகிறது, இன்னும் சூடாக்கி வெளியே தள்ளுகிறது, அதுவும் திரும்பி வருகிறது.

தெர்மாமீட்டரை லூவருக்கு வெளியே நீட்டினேன், 38. அவுட்டோரின் முதுகுப்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் 51. பதிமூன்று டிகிரி வித்தியாசம். ஊரில் வெயில் 38 என்றாலும் இந்த மெஷினைப் பொறுத்தவரை அது நிற்பது 51 டிகிரி வெயிலில். ஒன்றரை டன் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதே, அந்தக் கணக்கு வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி வைத்துச் சோதித்தது. வெளியே சூடு ஏற ஏற அந்தத் திறன் குறைந்துகொண்டேதான் போகும். அவுட்டோரில் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் காயிலின் நடு வளைவில் ஒட்டிய சென்சார் 61 டிகிரி காட்டியது. ஆர்32க்கு அந்த வெப்பநிலையில் அழுத்தம் 550 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும், பிசிபி வேகத்தைக் குறைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஸ்ப்ளிட் ஏசியில் இன்னொரு சிக்கல். எக்ஸ்பான்ஷன் பகுதி, அதாவது காஸின் அழுத்தத்தை இறக்கிக் குளிர வைக்கும் இடம், அவுட்டோருக்குள்ளேயே இருப்பதால் வெளியே வரும் இரண்டு குழாயுமே குளிர்ந்த பக்கம்தான், சர்வீஸ் வால்வில் கேஜ் (அழுத்தமானி) மாட்டினால், கம்ப்ரசர் காஸை உறிஞ்சும் பக்கத்து சக்‌ஷன் அழுத்தம் மட்டுமே கிடைக்கும். அதனால்தான் கண்டன்சரின் நிலைமையை வெப்பநிலை வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகுதான் கேஜை மாட்டினேன், 180 பிஎஸ்ஐ. ஆர்32க்கு அது கிட்டத்தட்ட 17 டிகிரி, அதாவது இண்டோர் காயிலே 17 டிகிரியில்தான் இருக்கிறது, வெளிவரும் காற்று எப்படிக் குளிரும்? காஸ் குறைந்திருந்தால் இந்த எண் எதிர்த் திசையில் போயிருக்கும். நூறு பிஎஸ்ஐயை ஒட்டி வந்தாலே ஆர்32 ஜீரோ டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும், அதற்கும் கீழே இறங்கினால் பனி கட்டத் தொடங்கும். ஆம்ப்ஸ் குறைவு, சக்‌ஷன் அழுத்தம் அதிகம்: இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் காஸ் குறைவாக இருக்க வழியில்லை. கம்ப்ரசர் மெதுவாக ஓடுகிறது என்பதுதான் அதன் பொருள். ஏப்ரலில் காஸ் ஏற்றியவர் அந்த கேஜில் தெரிந்த எண்ணை ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் சிலிண்டரைத் திறந்திருக்க மாட்டார்.

நிரூபிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர்

சந்தேகத்தை வைத்துக்கொண்டு வேலை ஆரம்பிக்கக்கூடாது. லூவர் பேனலில் அவுட்டோர் முகத்துக்கு நேரே இருந்த தகடுகளை உள்பக்கமிருந்தே ஸ்க்ரூ கழற்றி எடுத்தோம் (ஐந்தாவது மாடி, வெளியே எட்டிப் பார்த்துச் செய்கிற வேலை இது இல்லை, வீட்டில் யாரும் முயல வேண்டாம்). வேறு எதையும் தொடவில்லை. ஏறக்குறைய இருபது நிமிஷத்தில் அவுட்டோரின் முதுகில் 51 இருந்தது 42க்கு இறங்கியது. கண்டன்சர் 61லிருந்து 55. ஆம்ப்ஸ் மெல்ல ஏறி 6.8. உள்ளே வெளிவரும் காற்று 18.9. பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை ஏசி பக்கம் நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வருதுப்பா" என்றார்.

ஆனாலும் 42 டிகிரி காற்றுக்கு 55 டிகிரி கண்டன்சர் என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. சுத்தமான காயில், ஃபேனும் சரியான வேகத்தில் சுற்றுகிறது. எடை போடாமல் இரண்டு முறை ஏற்றிய காஸ்தான் மிச்சமிருந்த சந்தேகம். காஸ் அதிகமானால் அது திரவமாகக் கண்டன்சரின் அடிப்பகுதியை அடைத்துக்கொள்ளும், சூட்டை வெளியேற்ற வேண்டிய இடம் சுருங்கும், அழுத்தம் ஏறும். ஏற்கெனவே அனலில் திணறும் மெஷினுக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது.

வேறொரு நாள் ரெக்கவரி மெஷினும் தராசும் எடுத்துப் போய், மொத்தக் காஸையும் ரெக்கவரி சிலிண்டருக்கு இழுத்து எடை போட்டேன். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் பால்கனியில் விளக்கு, அடுப்பு எதுவும் எரியாமல் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். நேம் பிளேட்டில் போட்டிருந்த அளவு 870 கிராம், குழாய் நீளம் மூன்று மீட்டர்தான் என்பதால் கூடுதல் எதுவும் தேவையில்லை. தராசில் வந்தது 1,120 கிராம். 250 கிராம் அதிகம்.

இந்த ஒரு எண் இரண்டு வருஷக் கதையையும் சொல்லிவிடுகிறது. லீக் இருந்திருந்தால் முன்பு ஏற்றியது போயிருக்கும். கம்பெனி அடைத்த காஸும் அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் இவர்கள் ஏற்றியதும் அப்படியே இருக்கிறது. ஒரு கிராம்கூட இல்லாத குறைக்காக அந்தக் குடும்பம் இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறது, அதற்குப் பலனாக மத்தியான கூலிங் இன்னும் மோசமாகியிருக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. நேம் பிளேட்டில் கிராம் கணக்கு அச்சடித்திருக்கிறார்கள், தராசு பெரிய விலையும் இல்லை. எடை போடாமல் டாப்-அப் செய்வது மருந்தை அளக்காமல் வாயில் ஊற்றுவதற்குச் சமம். போதாததற்கு ஆர்32 காற்றில் கலந்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு புவியைச் சூடாக்கும் காஸ், அதை வால்வைத் திறந்து "கொஞ்சம் விட்டுப் பார்க்கிற" பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒழுங்குக்காக நைட்ரஜன் 400 பிஎஸ்ஐ ஏற்றி, குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட் நான்கிலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன். குமிழி இல்லை, முள் நகரவில்லை. அப்புறம் வேக்யூம் பம்ப் போட்டு குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, தராசில் வைத்து 870 கிராம் ஏற்றினேன்.

லூவரும் அசோசியேஷனும்

கஷ்டமான பகுதி இதுதான். கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறக்கூடாது என்று அசோசியேஷன் விதி இருக்கிறது, லூவரை எடுத்துவிட முடியாது. மேல்மாடி என்பதால் இன்னொரு தொல்லையும் இருந்தது. கீழே நான்கு வீட்டு அவுட்டோரும் இதே நேர்க்கோட்டில், இதே லூவருக்குப் பின்னால். அனல் மேலே ஏறுவதால் கீழ்வீடுகளில் ஏசி ஓடும்போது நான்கு பேரின் சூட்டிலும் ஒரு பங்கு ஐந்தாம் மாடிக்கு வருகிறது. அந்தக் குடியிருப்பில் கூலிங் புகார் மேல்மாடிகளில்தான் அதிகம் என்று செக்யூரிட்டியே சொன்னார்.

செய்தது இவ்வளவுதான். அவுட்டோர் ஸ்டாண்டை முன்னால் நகர்த்தி ஃபேன் முகம் லூவரை ஒட்டி நிற்கும்படி வைத்தோம். அந்த முகத்துக்கு நேரே மட்டும் ஒன்று விட்டு ஒன்றாகத் தகடுகளை எடுத்துவிட்டு, மீதித் தகடுகளின் சாய்வை நேராக்கினோம். தெருவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை, அசோசியேஷன் செயலாளர் கீழே நின்று பார்த்துச் சரி என்றார். ஃபேன் முகத்துக்கும் லூவருக்கும் நடுவே நாலு பக்கமும் துத்தநாகத் தகட்டில் ஒரு சட்டம் அடித்து மூடினோம், அனல் பால்கனிக்குள் திரும்பி வர வழியே இருக்கக்கூடாது என்பதுதான் குறி. துணிக்கொடியை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம், ஈரப் போர்வை தொங்கி அவுட்டோர் முதுகை அடைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தகட்டுச் சட்டம் மிக முக்கியம். தகடுகளை மட்டும் எடுத்துவிட்டு நடுவில் இடைவெளி விட்டால் அனலில் ஒரு பகுதி சுற்றித் திரும்பத்தான் செய்யும்.

அக்னி நட்சத்திரம் முடிவதற்குள்ளேயே மறுபடி அதே மூன்று மணிக்கு அளந்தேன். வெளியே 38, அவுட்டோர் முதுகில் 39.5, கண்டன்சர் 50, ஆம்ப்ஸ் 7, சக்‌ஷன் 140 பிஎஸ்ஐ. உள்ளே போகும் காற்று 29, வெளியே வருவது 16.8. அறை 25க்கு வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது, அது மேற்குச் சுவரும் மொட்டை மாடியும் செய்கிற வேலை. மாடித் தரையில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போட்டால் இன்னும் குறையும் என்று சொல்லியிருக்கிறேன், செலவு அதிகம் என்று இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இரண்டு டன் யோசனையைக் கைவிட்டார்கள். அது பெரிய மெஷின், இன்னும் அதிக அனலைத் தள்ளும், அதே பொந்துக்குள் வைத்திருந்தால் அதுவும் மத்தியானத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் நின்றிருக்கும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ராத்திரி குளிர்ந்து பகலில் குளிராத ஏசி இருந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குங்கள், ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான். மத்தியானம் ஏசி அரை மணி நேரம் ஓடியபின், கைக்கு எட்டும் பாதுகாப்பான இடத்தில் அவுட்டோர் இருந்தால் மட்டும், அதன் பின்பக்கம் ஒரு முறையும் வெளியே நிழலில் ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று நாலு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அனல் சுற்றுகிறது. புறாவலை, பிளாஸ்டிக் ஷீட், கண்ணாடி போட்டு மூடிய பால்கனி, ஓடிஎஸ்ஸில் (கட்டடத்துக்கு நடுவே மேலே திறந்துவிட்ட இடம்) எதிரெதிரே மாட்டிய இரண்டு அவுட்டோர், எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவுட்டோர் மூடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள், இன்வெர்ட்டர் பிசிபியில் உள்ள கெப்பாசிட்டர்கள் மெயினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். ராத்திரியிலும் குளிரவில்லை, காயிலில் பனி பிடிக்கிறது என்றால் அது வேறு கேஸ், அப்போது லீக்கைத் தேடத்தான் வேண்டும். அப்போதும் வருகிறவரிடம் தராசு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பாட்டி இப்போது 26 வைத்து, கூடவே சீலிங் ஃபேனையும் ஓடவிட்டுத் தூங்குகிறார். கீழே இருக்கும் நான்கு வீடுகளிலும் அளந்து பார்க்கச் சொல்லி அசோசியேஷனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், லூவர் இடைவெளி, ஸ்டாண்ட் தூரம், தகட்டுச் சட்டத்தின் வரைபடம் எல்லாம் சேர்த்து. மூன்றாம் மாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் ஏசிக்கு அடுத்த வாரம் காஸ் ஏற்றுவதாக இருந்ததை நிறுத்தி வைத்திருக்கிறார்.